அடுத்த முறை தடை வந்தால் எந்த விபிஎன்?

யாழ்ப்பாணத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். 2022 ஏப்ரலில் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் நின்றபோது கைக்குக் கிடைத்த இலவச விபிஎன் (இணையப் போக்குவரத்தை வெளிநாட்டுச் சேவையகம் வழியே மறைத்து அனுப்பும் செயலி) ஒன்றைப் போட்டுச் சமாளித்தோம், இனி அப்படி வந்தால் எந்த விபிஎன் நல்லது, பாவித்தால் பிடிபடுவோமா என்பது கேள்வி. இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. தடை எந்த முறையில் போடப்படுகிறது, அந்த முறைக்கு எந்தக் கருவி ஈடுகொடுக்கும், அதைப் பயன்படுத்தும்போது யார் கண்ணுக்கு எது தெரியும். இவற்றுக்குப் பிறகுதான் செயலியின் பெயர். பெயரை மட்டும் சொன்னால், தடை வேறு வடிவில் வரும் நாளில் அது ஊமையாக உட்கார்ந்திருக்கும்.

இலங்கையில் இதுவரை நடந்ததைப் பாருங்கள். திகன, கண்டி வன்முறையை அடுத்து 2018 மார்ச் 7இல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், வைபர் நிறுத்தப்பட்டு ஒரு வாரம் கழிந்து திரும்பின. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின் போட்ட தடை ஏப்ரல் 30 வரை நீடித்தது. மே 13இல், வடமேல் பக்கத்துக் கலவரங்களின்போது, மறுபடி ஒன்று. 2022 ஏப்ரல் 3இல் ஊரடங்கோடு சேர்த்துப் போட்டது ஒரு நாள்கூட நிற்கவில்லை. பாதுகாப்பு அமைச்சு கேட்டது, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இணைய நிறுவனங்களுக்குச் சொன்னது, பதினைந்து மணி நேரம் அளவில் எல்லாம் திரும்பிவிட்டது. அன்று அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே, தான் விபிஎன் வழியாக வந்துதான் எழுதுவதாகவும் இத்தகைய தடைகள் பயனற்றவை என்றும் ட்விட்டரில் போட்டார். ஓர் அரசின் தடையை அதே அரசின் அமைச்சர் விபிஎன் போட்டுக் கடந்து வந்து குறை சொன்ன காட்சி வேறெங்கும் சுலபமாகக் கிடைக்காது.

நான்கு முறையும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. பெயர் சொல்லிச் சில சேவைகளை மட்டும் மறித்தார்கள், மற்ற இணையம் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் கையில் கிடைத்த எந்த விபிஎன்னும் வேலை செய்தது. விபிஎன் கெட்டிக்காரத்தனமாக இருந்தது காரணமல்ல, யாரும் அதைத் தேடிப் பிடிக்கவில்லை என்பதுதான் காரணம். 2019இல் மட்டும் ஒரு சிறு அறிகுறி தெரிந்தது. டன்னல்பேர் என்ற விபிஎன் சேவையும் மறிக்கப்பட்டிருப்பதாக வெளியிலிருந்து இணையத்தை அளப்பவர்கள் பதிவு செய்தார்கள். பட்டியலில் ஒரு விபிஎன்னைச் சேர்க்கத் தெரிந்தவர்களுக்குப் பத்தைச் சேர்ப்பது பெரிய வேலையல்ல. ஆகவே 2022 அனுபவத்தை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

இனி மறிக்கும் முறை. ஃபேஸ்புக்கைத் தொட்டவுடன் உங்கள் ஃபோன் மூன்று காரியம் செய்கிறது. முதலில் அந்தப் பெயருக்கு உரிய எண் முகவரி என்ன என்று டிஎன்எஸ் சேவையகத்தைக் கேட்கிறது. பிறகு அந்த ஐபி எண்ணுக்கு இணைப்புப் போடுகிறது. மூன்றாவதாக, மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி குறியீடாக்குவது) தொடங்கும் முன் அனுப்பும் முதல் செய்தியில், எந்தத் தளம் வேண்டும் என்பதைப் பெயரோடு வெளிப்படையாக எழுதி அனுப்புகிறது. இதை எஸ்என்ஐ என்பார்கள். உறைக்குள் இருக்கும் கடிதம் யாருக்கும் தெரியாது, ஆனால் உறையின் மேல் பெயர் எழுதியிருக்கிறது. இந்த மூன்று இடத்திலும் மறிக்கலாம்.

டிஎன்எஸ் மறிப்பு மிக மலிவானது, மிக எளிதில் உடைவது. துருக்கி 2014 மார்ச்சில் ட்விட்டரை இப்படித்தான் முதலில் மறித்தது. மக்கள் கூகுளின் 8.8.8.8 என்ற டிஎன்எஸ் எண்ணைச் சுவர்களில் எழுதிப் பரப்பினார்கள். சில நாளில் அங்குள்ள நிறுவனங்கள் அந்த எண்ணுக்குப் போகும் போக்குவரத்தையே தம் பக்கம் திருப்பிப் பொய்ப் பதில் கொடுக்கத் தொடங்கின. எண்ணை மாற்றுவது மட்டும் போதாது, கேள்வியும் மறையாக்கத்தில் போகவேண்டும் என்பது அதில் வெளிச்சமானது.

ஐபி மறிப்பில் அக்கம்பக்கமும் அடிபடும். ரஷ்யா 2018 ஏப்ரலில் டெலிகிராமை மறிக்கப் போய், அது ஒளிந்துகொண்ட அமேசான், கூகுள் மேகச் (கிளவுட்) சேவைகளின் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட முகவரிகளை அடைத்தது. சம்பந்தமில்லாத கடைகளும் சேவைகளும் விழுந்தன, டெலிகிராம் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருந்தது. 2020 ஜூனில் தடையை எடுத்துவிட்டார்கள்.

மூன்றாவதான எஸ்என்ஐ மறிப்புக்குப் பாக்கெட்டை, அதாவது போய்வரும் தரவுத் துண்டை, பிரித்துப் பார்க்கும் கருவி வேண்டும். டிஎன்எஸ்ஸை மாற்றினால் இதற்கு ஒன்றும் ஆகாது. மறிக்காமல் மெதுவாக்குவதும் இதே கருவியால்தான். அதில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லியாக வேண்டும். 2021 மார்ச்சில் ரஷ்யா ட்விட்டரை மெதுவாக்கியபோது, ட்விட்டரின் சுருக்க முகவரியான ‘டி, புள்ளி, சிஓ’ என்ற தொடர் எங்கே வந்தாலும் வேகத்தைக் குறை என்று விதி எழுதிவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட், ரெடிட் இரண்டும் ஆங்கிலத்தில் ‘டி’யில் முடிந்து, புள்ளி, சிஓஎம் என்று போகின்றன அல்லவா? அவையும் ஆமையாகிவிட்டன.

தடை வந்த அன்று உங்களுக்கு எது போடப்பட்டிருக்கிறது என்பதை ஐந்து நிமிடத்தில் ஓரளவு கண்டுகொள்ளலாம். முதலில் சம்பந்தமில்லாத இரண்டு மூன்று தளங்களைத் திறந்து பாருங்கள். எதுவுமே வராவிட்டால் அது முழு முடக்கம், அதைக் கடைசியில் சொல்கிறேன். மற்றவை வந்து ஃபேஸ்புக் மட்டும் வராவிட்டால், உலாவியில் பிழைச்செய்தியைப் படியுங்கள். முகவரி கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் டிஎன்எஸ். இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று உடனே வந்தால் எஸ்என்ஐ மறிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். நெடுநேரம் சுற்றிவிட்டு நேரம் முடிந்தது என்றால் ஐபி மறிப்பாகவும் இருக்கலாம், பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்கும் வேறு முறையாகவும் இருக்கலாம். இந்த இடத்தில் பிழைச்செய்தியை வைத்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. வீட்டு ஃபைபர் இணைப்பிலும் மொபைல் டேட்டாவிலும் தனித்தனியே பாருங்கள். ஆணை ஒன்றானாலும் ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிப்படிதான் மறிக்கும்.

டிஎன்எஸ் மறிப்பு என்றால் விபிஎன்னே வேண்டாம். ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்கு மேல் என்றால் அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குள் ‘தனிப்பட்ட டிஎன்எஸ்’ இருக்கும். அதில் எண்ணை ஏற்காது, சேவையகத்தின் பெயரைக் கொடுக்கவேண்டும். கிளவுட்ஃபிளேர் என்றால் ‘ஒன்’ என்ற ஆங்கிலச் சொல்லை நான்கு முறை, நடுவில் புள்ளி வைத்து. ஐஃபோனில் கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 செயலியைப் போட்டால் போதும். இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டின் இந்த வசதி 853 என்ற தனிப் போர்ட்டில் (தரவு போய்வரும் எண்ணிட்ட வாசல்) ஓடுகிறது. அந்தப் போர்ட்டை அடைத்துவிட்டால், பெயர் கொடுத்து வைத்திருக்கும் ஃபோன் வேறு வழிக்கு மாறாது, மொத்த இணையமும் செத்ததுபோல் நிற்கும். இணையத்தையே வெட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வோம். அப்போது அதைத் ‘தானியங்கு’ நிலைக்கு மாற்றிவிட்டு, ஃபயர்ஃபாக்ஸ் அல்லது குரோமின் உள்ளேயே பாதுகாப்பான டிஎன்எஸ்ஸை இயக்குங்கள். அது சாதாரண இணையப் போக்குவரத்தின் 443 போர்ட்டில் போவதால் தனியே பிரித்து அடைப்பது கடினம். ஆனால் அது உலாவிக்கு மட்டும்தான், செயலிகளுக்கு உதவாது.

வாட்ஸ்அப் ஒன்றுதான் முக்கியம் என்றால், 2023 ஜனவரி முதல் அதற்குள்ளேயே ப்ராக்ஸி (இடையில் நின்று செய்தியைக் கடத்திவிடும் சேவையகம்) வசதி இருக்கிறது. அமைப்புகள், சேமிப்பகமும் தரவும், ப்ராக்ஸி என்று போய் முகவரியைக் கொடுத்துச் சேமிக்கவேண்டும். பச்சைக் குறி வந்தால் இணைந்துவிட்டது. ப்ராக்ஸி நடத்துபவருக்கு உங்கள் ஐபி எண் தெரியும், செய்திகளைப் படிக்க முடியாது. டெலிகிராமிலும் சிக்னலிலும் இதுபோல் உண்டு. முகவரியைத் தடைக்கு முன்னரே வாங்கி வைக்கவேண்டும். தடை நாளில் பொதுவெளியில் பரவும் ப்ராக்ஸி முகவரிகள் மறிப்பவர்கள் கைக்கும் அதே நேரத்தில்தான் போய்ச் சேரும்.

இப்போது விபிஎன். அது உங்கள் ஃபோனிலிருந்து வெளிநாட்டுச் சேவையகம் ஒன்றுக்கு மறையாக்கப்பட்ட குழாய் ஒன்றை இடுகிறது. மேலே சொன்ன மூன்று காரியமும் குழாய்க்குள் நடப்பதால் உள்ளூர் நிறுவனத்துக்குத் தெரியாது. ஆனால் குழாய் இருப்பது தெரியும். வயர்கார்ட் என்ற விபிஎன் நெறிமுறையின் முதல் செய்தி எப்போதும் 148 பைட் நீளம்; அதை அடையாளம் காண்பது வலையமைப்புக் கருவிக்கு விளையாட்டு. ஓபன்விபிஎன் என்ற இன்னொரு நெறிமுறைக்கும் தனி முகவெட்டு உண்டு, வழக்கமான போர்ட் 1194. ஐகேஇ என்ற மற்றொரு வகை 500, 4500 போர்ட்டுகளில் போகும். சீனாவும் ரஷ்யாவும் இந்த முகவெட்டுகளை வைத்தே மறிக்கின்றன. இலங்கையின் கடந்த தடைகளில் இந்த அளவுக்குப் போகவில்லை. போகமாட்டார்கள் என்று யாரும் உறுதி தர முடியாது, அதனால் இரண்டு வகைக் கருவிகளை வைத்துக்கொள்வது நல்லது: வேகத்துக்கு ஒன்று, முகத்தை மறைக்க ஒன்று.

வேகத்துக்கு வயர்கார்ட் உள்ள, பணம் கட்டிக் கணக்குத் திறக்கும் சேவை எதுவும் போதும். பணம் கட்ட முடியாதவர்களுக்குப் புரோட்டான் விபிஎன்னின் இலவசப் பிரிவு பரவாயில்லை. டேட்டா வரம்பு இல்லை, நாட்டைத் தேர்ந்தெடுக்க விடாது, ஒரு நேரத்தில் ஒரு கருவி மட்டும். அதிலேயே ‘ஸ்டெல்த்’ என்ற நெறிமுறையும் உண்டு, சாதாரண இணையப் போக்குவரத்து போல் வேடம் போடும். முகத்தை மறைக்கவே கட்டப்பட்டது சைஃபன். டொரண்டோ பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் பிறந்தது. ஒரே நேரத்தில் பல வழிகளில் முட்டிப் பார்த்துத் திறந்த வழியில் புகுந்துவிடும். இலவசப் பயன்பாட்டில் வேகம் குறைவு, விளம்பரம் வரும். தடையைத் தாண்டுவதுதான் அதன் வேலை, ஆளை மறைப்பதல்ல என்பதை நினைவில் வையுங்கள். பல சேவையகங்கள் வழியே சுற்றிப் போகும் டோர் உலாவியில், இணைப்பு அமைப்புக்குள் ‘ஸ்னோஃபிளேக்’ பாலத்தை (மறைவான நுழைவழி) தேர்ந்தால் அது வீடியோ அழைப்பு போல் தோற்றம் காட்டும். மெதுவாகத்தான் ஓடும், எழுத்துக்குப் போதும்.

உங்களுக்கு வெளிநாட்டில் உறவினர் இருந்தால், மேலே சொன்ன எல்லாவற்றையும்விட நல்ல வழி ஒன்று இருக்கிறது. அவுட்லைன் என்ற இலவச மென்பொருளால் சொந்தச் சேவையகம் வைப்பது. கனடாவில் இருக்கும் தம்பி தன் கணினியில் அவுட்லைன் மேனேஜரை நிறுவி, மாதம் 5 டொலர் அளவில் கிடைக்கும் சிறிய மேகச் சேவையகம் ஒன்றை எடுத்து, நான்கைந்து சொடுக்கில் இயக்கிவிடலாம். ஒவ்வொருவருக்கும் ஓர் அணுகல் சாவி உருவாகும். அது ஒரு நீண்ட எழுத்துத்தொடர், அதை அவுட்லைன் செயலியில் ஒட்டினால் இணைந்துவிடும். சேவையகத்தை டொரண்டோவில் எடுக்கச் சொல்லாதீர்கள், சிங்கப்பூரில் எடுக்கச் சொல்லுங்கள். பணம் கட்டுபவர் எங்கிருந்தாலும் பரவாயில்லை, தரவு கனடா போய்த் திரும்பினால் அழைப்பில் பேச்சு தடுக்கும். இந்த முகவரி எந்தப் பட்டியலிலும் இல்லாதது என்பதே இதன் பலம். சேவையகம் அந்தத் தம்பியின் பெயரில் இருக்கிறது என்பது பலவீனம். சாவியை ஊர் முழுக்கப் பகிர்ந்தால் யாரோ செய்த காரியத்துக்கு மேகச் சேவை நிறுவனத்தின் புகார் அவருக்குப் போகும். குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இணைந்துவிட்டது என்று காட்டும், பக்கம் வராது. இது அடிக்கடி நடக்கும். பெரும்பாலும் எம்டியு என்ற பாக்கெட் அளவுதான் காரணம். குழாயின் மேலுறையும் சேர்ந்ததும் பாக்கெட் பெருத்து, வழியில் எங்கோ விழுந்துவிடுகிறது. வயர்கார்ட் அமைப்பில் அது 1420 போல் பெரிய எண்ணாக இருந்தால் 1280 ஆக்கிப் பாருங்கள். ஃபோனின் நேரம் தேதி தவறாக இருந்தாலும் இணைப்பு கைகூடாது.

இலங்கையில் மட்டும் நிறையப் பேரைக் குழப்பும் சங்கதி டேட்டா பேக். ஃபேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப் என்று தனித்தனியாக விற்கும் பேக்குகளில், போக்குவரத்து எங்கே போகிறது என்று பார்த்துத்தான் கணக்கு வைக்கிறார்கள். விபிஎன் போட்டால் அது தெரியாது. ஆகவே அந்தப் பேக் கழியாது, சாதாரண டேட்டா கழியும். அது இல்லாவிட்டால் முதன்மை மீதியில் கை வைக்கும், அல்லது ஒன்றுமே ஓடாது. விபிஎன் கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று செயலிகளை மாற்றிப் பார்ப்பார்கள். எந்நேரமும் எதற்கும் பயன்படும் டேட்டா கொஞ்சம் கையிருப்பில் வைத்திருங்கள். வங்கிச் செயலிகள் வெளிநாட்டு முகவரியைக் கண்டு கதவைச் சாத்தும். விபிஎன் அமைப்பில் ‘ஸ்ப்ளிட் டன்னலிங்’ இருந்தால் வங்கியை அதற்கு வெளியே விடுங்கள்.

பெயர் தெரியாத இலவச விபிஎன்களைப் பற்றி நான் கடுமையாகவே சொல்வேன். 2016இல் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் செயலிகளை ஆராய்ந்ததில், 18 சதவீதம் மறையாக்கமே செய்யவில்லை, 84 சதவீதம் ஐபிவி6 என்ற புதிய வகை முகவரிப் போக்குவரத்தைக் குழாய்க்கு வெளியே விட்டன. இன்றைய நிலவரம் அதே அளவா என்பது வேறு விஷயம், ஆனால் வியாபார முறை மாறவில்லை. ஓனாவோ என்ற விபிஎன் ஃபேஸ்புக்கின் சொந்தச் சரக்காக இருந்தது. எந்தச் செயலியை மக்கள் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று நிறுவனத்துக்குத் தகவல் போனது, 2018 ஆகஸ்டில் ஆப்பிளின் செயலிக் கடையிலிருந்து நீக்கப்பட்டது. விபிஎன் போட்டால் உள்ளூர் நிறுவனம் பார்த்ததை விபிஎன் நடத்துபவர் பார்க்கிறார். நம்பிக்கை கைமாறுகிறது, அவ்வளவுதான்.

பிடிபடுவோமா என்ற கேள்விக்கு வருகிறேன். தொழில்நுட்பப் பகுதி உறுதியானது. உங்கள் இணைய நிறுவனத்துக்கு, இந்த சிம் இந்த நேரத்தில் இந்த விபிஎன் சேவையகத்தோடு இவ்வளவு டேட்டா பரிமாறியது என்பது தெரியும், உள்ளே என்ன என்பது தெரியாது. ஃபேஸ்புக்குக்கு நீங்கள் யார் என்பது எப்போதும்போல் தெரியும், சொந்தப் பெயரில் எழுதியதை விபிஎன் மறைக்காது. ஃபோனைக் கையில் வாங்கிப் பார்ப்பவருக்கு எல்லாமே தெரியும். சட்டப் பகுதியில் நான் வழக்கறிஞர் அல்ல என்பதைச் சேர்த்துப் படியுங்கள். 2018, 2019, 2022 தடைகள் சேவைகளை மறித்தன, விபிஎன் பயன்படுத்துவதைக் குற்றமாக்கவில்லை. எழுதும் உள்ளடக்கத்துக்கான பொறுப்பு தனி. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் விபிஎன் வழியே வந்த பதிவுக்கும் பொருந்தும். வளைகுடாவில் வேலை பார்க்கும் உறவினருக்கு இதே அறிவுரையை அனுப்பிவிடாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் குற்றம் செய்யவோ மறைக்கவோ விபிஎன் பயன்படுத்தினால் அபராதமே 5 லட்சம் திர்ஹத்தில் தொடங்குகிறது. பிரேசிலில் 2024 ஆகஸ்டில் எக்ஸ் தளத்தை மறித்த நீதிமன்ற ஆணை, விபிஎன் வழியே அதில் நுழைபவருக்கு நாளொன்றுக்கு 50,000 பிரேசில் ரியல் அபராதம் என்றது. இந்தியாவில் விபிஎன் குற்றமல்ல, ஆனால் 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்கச் சொன்னதால் நார்ட், எக்ஸ்பிரஸ், சர்ஃப்ஷார்க் ஆகிய விபிஎன் நிறுவனங்கள் அங்கிருந்த சேவையகங்களை எடுத்துவிட்டன. ஆகவே பக்கத்தில் இருக்கிறதே என்று இந்தியச் சேவையகத்தைத் தேர்வதைவிடச் சிங்கப்பூர் மேல்.

முழு முடக்கத்தில் இவை எதுவும் உதவாது. 2011 ஜனவரி இறுதியில் எகிப்து, 2018 மே மாதம் துப்பாக்கிச்சூட்டுக்குப் பின் தூத்துக்குடி, 2019 ஆகஸ்ட் முதல் காஷ்மீர் எல்லாம் இந்த வகை. குழாய் போட வழியே இல்லாதபோது குழாயின் தரத்தைப் பேசிப் பயனில்லை. உள்ளூர் டேட்டா சேவை மட்டும் கெடுபிடிக்குள் இருந்து கோபுரங்கள் ஓடினால், ரோமிங்கில் இருக்கும் வெளிநாட்டு சிம் சில சமயம் கைகொடுக்கும். அதன் தரவு பொதுவாகத் தாய்நாட்டு நிறுவனம் வரை போய்த்தான் இணையத்தில் இறங்கும், உள்ளூர் வடிகட்டியைத் தொடாது. காசு அதிகம். கோபுரமே இல்லையென்றால் ஒரே தெருவுக்குள் ‘பிரையர்’ செயலி புளூடூத்திலும் வைஃபையிலும் செய்தி கடத்தும். ஐஃபோனுக்கு இல்லை. புளூடூத்தின் எட்டுதூரம் ஓர் அறை, மிஞ்சினால் பக்கத்து வீடு. இணையம் இல்லாத நாளில் புதிய ஆளைச் சேர்க்க இருவரும் நேரில் நின்று க்யூஆர் கட்டக்குறியை ஸ்கேன் செய்யவேண்டும், அதனால் வேண்டியவர்களை இப்போதே சேர்த்துவிடுங்கள்.

செய்யவேண்டியது இவ்வளவு: புரோட்டான், சைஃபன் இரண்டையும் இந்த வாரமே நிறுவி, மொபைல் டேட்டாவில் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். முதல்முறை திறக்கும்போதுதான் சில செயலிகள் சேவையகப் பட்டியலை இறக்கும், நிறுவி மட்டும் வைத்தால் தடை நாளில் பட்டியல் கிடைக்காமல் விழிக்கும். சைஃபனின் ஏபிகே என்ற நிறுவல் கோப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி மெமரி கார்டில் போட்டு வையுங்கள், ப்ளே ஸ்டோர் திறக்காத அன்று பக்கத்து வீட்டுக்கும் புளூடூத்தில் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து புதுப்பியுங்கள். அம்மாவின் ஃபோனிலும் போட்டுவிட்டு, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று ஒருமுறை அவரையே அழுத்தச் சொல்லிப் பாருங்கள்.